ஒரு கிராமும் கால் காணியும்

கும்மிடிப்பூண்டி போகும் எலெக்ட்ரிக் ட்ரெயினில் எண்ணூர் தாண்டினால்தான் உட்கார இடம் கிடைக்கும். அத்திப்பட்டு வரை நின்றுகொண்டே வந்த ஓர் இளைஞர், எதிர் சீட் காலியானதும் உட்கார்ந்து, பையிலிருந்து ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் போட்ட புத்தகம் ஒன்றைப் பிரித்தார். அட்டையில் தேன்கூடு மாதிரி அறுகோணங்கள். கிராஃபீன்! மீஞ்சூர் வருவதற்குள் பேச்சு ஆரம்பித்துவிட்டது. டிப்ளமோ முடித்து, பகுதி நேரத்தில் பி.இ.யும் முடித்தவர். சிப்காட்டில் கான்ட்ராக்டில் வேலை. ஊர் கவரைப்பேட்டைக்குப் பக்கம்.

''சார், ஒரு காலேஜ்ல நானோ டெக்னாலஜில எம்.டெக் சேரச் சொல்றாங்க. அடுத்த பத்து வருஷத்துல எல்லாமே கிராஃபீன்தானாம். அப்பா கால் காணி நிலத்தை வித்துத் தர்றேங்கறார். சேரலாமா?''

இந்த மாதிரிக் கேள்வியை ட்ரெயினில் கேட்டால் பதில் சொல்லாமல் கவரைப்பேட்டையில் இறங்கவும் விட முடியாது. அவர் இறங்கிய பிறகும் கேள்வி என்னுடனே வந்தது. பதில் தேடி இரண்டு வாரம் கிராஃபீன் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அதைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களோடு பேசப் போகிறேன். பாதி புத்தக விமரிசனம், பாதி பிராது.

முதலில் விஷயம் என்ன என்று பார்த்துவிடலாம். பென்சில் சீவும்போது வரும் கறுப்புக் குச்சியை நாம் இன்னும் 'லெட்' என்றே சொல்கிறோம். அதில் ஒரு துளி ஈயம் கிடையாது. அது கார்பன் என்று ஷீலே என்ற ஸ்வீடன்காரர் 1779-லேயே நிரூபித்துவிட்டார். பத்து வருஷம் கழித்து வெர்னர் 'எழுதுவது' என்று அர்த்தம் வரும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு கிராஃபைட் என்று பெயர் வைத்தார். கிராஃபைட், அடை அடையாக அடுக்கிய தாள் கட்டு போன்றது. ஒவ்வொரு தாளும் கார்பன் அணுக்கள் அறுகோணமாகக் கைகோத்த ஒற்றை அடுக்கு. ஒரு மில்லிமீட்டர் கனத்தில் ஏறத்தாழ முப்பது லட்சம் தாள்கள் இருக்கும். அதில் ஒரே ஒரு தாளை உரித்தால் அதுதான் கிராஃபீன். அவ்வளவுதான். நீங்கள் பால் கணக்கு எழுதும்போதெல்லாம் இந்தத் தாள்களைக் கொத்துக் கொத்தாகக் காகிதத்தில் தேய்த்துவிட்டுப் போகிறீர்கள்.

ஒற்றைத் தாளை உரித்து, அது ஒற்றைதான் என்று காட்டி, அதில் மின்சாரம் விட்டுப் பார்த்தவர்கள் மான்செஸ்டரில் இருந்த ஆந்த்ரே கெய்மும் கோன்ஸ்டான்டின் நோவசெலோவும். வருஷம் 2004. நோபல் 2010-ல். அதற்கு உபயோகித்த கருவி செலோடேப்.

இந்தக் கதையைச் சொல்லாத கிராஃபீன் கட்டுரை உலகத்தில் கிடையாது. ஆனால் பெரும்பாலும் அதிர்ஷ்டக் கதையாகவே சொல்கிறார்கள். கெய்ம் தன் நோபல் உரையில் எழுதியிருப்பதைப் படியுங்கள். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. முதலில் ஒரு மாணவரிடம் கிராஃபைட் துண்டைக் கொடுத்து முடிந்த வரை மெல்லிசாகத் தேய்க்கச் சொல்கிறார். தேய்த்துத் தேய்த்து வந்தது போதவில்லை. பக்கத்தில் வேலை செய்த இன்னொருவர், நுண்ணோக்கிக்காகக் கிராஃபைட்டின் மேல் பரப்பைச் சுத்தம் செய்ய டேப் ஒட்டிப் பிய்ப்பது வழக்கம், பிய்த்த டேப் குப்பைக்குப் போய்விடும் என்கிறார். அந்தக் குப்பை டேப்பில் ஒட்டிக்கொண்டிருந்த செதில்கள், தேய்த்து எடுத்ததைவிட மெல்லிசு. அதற்கப்புறமும் கட்டுரையை 'நேச்சர்' இதழ் திருப்பி அனுப்பியது; 'சயன்ஸ்' போட்டது. கெய்ம் இதற்கு முன்னால் காந்தப் புலத்தில் ஒரு தவளையை மிதக்கவிட்டு, 2000-ல் கேலிக்காகத் தரப்படும் இக் நோபலையும் வாங்கியவர். இரண்டையும் வாங்கிய ஒரே மனிதர். தோற்ற கதைகளை இவ்வளவு சந்தோஷமாக எழுதும் விஞ்ஞானி அபூர்வம். நான் படித்தவற்றில் இந்த உரைக்குத்தான் முதல் மார்க்.

இப்போது புத்தகங்கள். லெஸ் ஜான்சன், ஜோசப் மீனி இருவரும் சேர்ந்து 2018-ல் எழுதிய 'கிராஃபீன்' ஒன்று. ஒருவர் நாசாக்காரர், இன்னொருவர் வேதியியல்காரர். அதே வருஷம் வந்த ப்ரையன் க்ளெக்கின் 'தி கிராஃபீன் ரெவல்யூஷன்' இன்னொன்று. க்ளெக் சுகமாக எழுதுகிறார். கிராஃபீனுக்கு முன் குவாண்டம் விவகாரங்களைப் பொறுமையாகச் சொல்லித் தருகிறார். என் தகராறு இரண்டு புத்தகங்களின் அட்டைகளோடு. ஒன்றில் 'புரட்சி'. மற்றதன் துணைத் தலைப்பு, இந்தப் பொருள் உலகத்தைப் புரட்டிப் போடப் போகிறது என்று எதிர்காலத்தில் சத்தியமே செய்கிறது. வாசகரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அட்டையோடு நிறுத்திக்கொள்பவர்கள். அந்த அட்டையிலிருந்துதான் நம் பத்திரிகைத் துணுக்குகள் பிறக்கின்றன, துணுக்குகளிலிருந்து காலேஜ் நோட்டீஸ், நோட்டீஸிலிருந்து கவரைப்பேட்டையில் நிலம் விற்பது.

துணுக்குகளில் சாஸ்வதமாக வரும் யானையை எடுத்துக்கொள்ளுங்கள். 'பென்சில் முனையில் யானையை நிறுத்தினாலும் கிராஃபீன் கிழியாது.' இது 2008-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் செய்த பரிசோதனையிலிருந்து வந்தது. ஒரு மைக்ரான் அளவு ஓட்டைகளின் மேல் கிராஃபீனைப் போர்த்தி, நுண்ணிய ஊசியால் குத்தி, கிழிய எவ்வளவு விசை வேண்டும் என்று அளந்தார்கள். எஃகைவிடப் பல மடங்கு உறுதி என்று தெரிந்தது. நியாயமான, அருமையான வேலை. அப்புறம் சமையலறைப் பிளாஸ்டிக் உறை கனத்துக்கு இதே உறுதியோடு ஒரு தாள் இருந்தால் என்று ஒரு கற்பனைக் கணக்குப் போட்டு, யானையை ஏற்றினார்கள். அந்தக் கனத்தில் குறையே இல்லாத தாளை யாரும் செய்யவில்லை. யானையும் ஏறவில்லை. துணுக்கில் 'இருந்தால்' என்ற வார்த்தை மட்டும் வழியில் எங்கேயோ இறங்கிவிட்டது.

இன்னொரு கணக்கு. ஒரு கிராம் கிராஃபீனின் பரப்பு 2,630 சதுர மீட்டர் என்று எல்லாக் கட்டுரையிலும் இருக்கும். சரியான எண்தான். ஆனால் அது தாளின் இரண்டு பக்கத்தையும் சேர்த்த கணக்கு. பேட்டரி, வடிகட்டி செய்பவர்களுக்கு இரண்டு பக்கமும் வேண்டும். தரையில் விரித்தால் பாதிதான், 1,315 சதுர மீட்டர். அதாவது கிட்டத்தட்ட ஆறு கிரவுண்ட். இரண்டு பக்கமும் சேர்த்துப் பன்னிரண்டு கிரவுண்ட் என்று விற்க ரியல் எஸ்டேட்காரர்களே கூசுவார்கள். ஆறு கிரவுண்ட் என்றால் கால் காணி. அந்த இளைஞரின் அப்பா விற்க இருந்த நிலம் முழுவதையும் ஒரு கிராம் கிராஃபீனால் மூடிவிடலாம்.

எலெக்ட்ரானிக்ஸுக்கு வருவோம். இங்கேதான் எழுதுபவர்கள் அதிகமாக வழுக்குகிறார்கள். நானும் ஒரு காலத்தில், சிலிக்கானுக்குச் சாவு மணி என்கிற ரீதியில் எழுதியவன்தான். அந்தப் பக்கங்களைத் தயவுசெய்து தேடாதீர்கள்.

கார்பனுக்கு வெளி வட்டத்தில் நான்கு எலெக்ட்ரான். கிராஃபீனில் மூன்று, பக்கத்து அணுக்களோடு கைகோக்கப் போய்விடுகின்றன. நாலாவது சும்மா இருக்கிறது. தாள் முழுக்க ஓடலாம். எப்படி ஓடும் என்பதை கனடாக்காரரான பிலிப் வாலஸ் 1947-லேயே காகிதத்தில் கணக்குப் போட்டார். அணு உலையில் உபயோகமாகும் கிராஃபைட்டைப் புரிந்துகொள்ள, சுலபமாக இருக்கட்டும் என்று ஒற்றை அடுக்கில் ஆரம்பித்தார். அந்த எலெக்ட்ரான்கள் எடையே இல்லாதவை போல, ஒளியின் வேகத்தில் முந்நூறில் ஒரு பங்கு வேகத்தில் பறக்கின்றன. 2005-ல் இதைப் பரிசோதனையில் பார்த்தார்கள். அறை வெப்பத்திலேயே சிலிக்கானைவிடப் பல மடங்கு தாராளமாக நகர்கின்றன. ''அப்படியானால் கம்ப்யூட்டர் பல மடங்கு வேகமாகுமே?''

ஆகாது. ஏன் என்பதற்குத் திருவள்ளூர் மாவட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. பூண்டி ஏரி. சென்னைக்குக் குடிநீருக்காகக் கொசஸ்தலையாற்றின் குறுக்கே 1944-ல் கட்டியது. அதன் மதகைத் திறந்தால் தண்ணீர் வர வேண்டும், மூடினால் நிற்க வேண்டும். ட்ரான்சிஸ்டர் ஒரு மதகு. திறந்தால் 1, மூடினால் 0. உங்கள் செல்போனில் ஆயிரம் கோடிக்கு மேல் மதகுகள். சிலிக்கானில் எலெக்ட்ரான் தாண்ட வேண்டிய ஒரு கரை இருக்கிறது, 1.1 எலெக்ட்ரான் வோல்ட் உயரம். அந்தக் கரை இருப்பதால்தான் மதகை மூட முடிகிறது. கிராஃபீனில் கரையே இல்லை. உயரம் பூஜ்யம். மதகை எவ்வளவு இறக்கினாலும் கீழே தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். சிலிக்கானில் திறந்த நிலைக்கும் மூடிய நிலைக்கும் வித்தியாசம் பத்தாயிரம், லட்சம் மடங்கு என்று போகும். பெரிய கிராஃபீன் தாளில் சாதாரண வெப்பத்தில் பத்து மடங்கு தேறினால் ஜாஸ்தி. ஆயிரம் கோடிக் குழாய்களும் சொட்டும் வீட்டில் டேங்க் எத்தனை நிமிஷம் நிற்கும்? உங்கள் பேட்டரியும் அப்படித்தான், கூடவே சட்டைப் பை சுடும்.

2010-ல் ஐ.பி.எம். 100 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் கிராஃபீன் ட்ரான்சிஸ்டர் செய்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். அது ரேடியோ அலைகளைப் பெருக்கும் வகை. அங்கே மதகு முழுக்க மூட வேண்டிய அவசியமில்லை. ஒன்றும் பூஜ்யமும் போடும் வகை அல்ல. இந்த ஒரு வரியைச் சேர்த்திருந்தால் எத்தனையோ தலைப்புகள் சின்னதாகியிருக்கும்.

இதைப் பூசி மெழுகாமல் சொல்லும் புத்தகம் ஒன்று உண்டு. மிக்கேல் காட்ஸ்நெல்சன் 2012-ல் எழுதியது. 2020-ல் 'தி ஃபிஸிக்ஸ் ஆஃப் கிராஃபீன்' என்ற பெயரில் திருத்திய பதிப்பு வந்தது. நெதர்லாந்தில் நைமேகன் பல்கலைக்கழகத்துக்காரர். முதல் பக்கத்திலிருந்தே கணக்கு, எம்.எஸ்ஸி. ஃபிஸிக்ஸ் இல்லாமல் உள்ளே நுழைந்தால் மூச்சு முட்டும். எனக்கு முட்டியது. ஆனால் நாலாவது அத்தியாயம் வரை தாக்குப் பிடித்தால் 'க்ளைன் முரண்' வருகிறது. எடையில்லாத எலெக்ட்ரானுக்கு நேரே எவ்வளவு உயரமான சுவர் எழுப்பினாலும், அது ஒன்றும் நடக்காதது போல ஊடுருவிப் போய்விடும். இந்த அதிசயமும் மதகு மூடாத சங்கடமும் ஒரே வயிற்றில் பிறந்தவை. அதிசயத்தை மட்டும் எழுதிவிட்டுச் சங்கடத்தை விடுவதுதான் நம் பிரபல அறிவியல் எழுத்தின் கோளாறு. காட்ஸ்நெல்சன் இரண்டையும் சமன்பாடுகளோடு வைத்துவிடுகிறார். கவர்ச்சியான அட்டை கிடையாது.

கரையே எழுப்ப முடியாதா? முயன்றுகொண்டிருக்கிறார்கள். ஜார்ஜியா டெக்கின் வால்ட் டி ஹீர் குழு, சிலிக்கான் கார்பைடு மேல் வளர்த்த கிராஃபீனில் 0.6 எலெக்ட்ரான் வோல்ட் கரை எழுப்பியதாக 2024 ஜனவரியில் நேச்சரில் எழுதியது. இந்த டி ஹீர், 2010-ல் நோபல் கமிட்டியின் விளக்கக் குறிப்பில் பிழைகள் இருக்கின்றன என்று அவர்களுக்கே கடுதாசி போட்டவர். அந்தக் கோபத்துக்கு அப்புறமும் பதினான்கு வருஷம் அதே பொருளைக் கட்டிக்கொண்டு மாரடித்திருக்கிறார். இது பரிசோதனைக் கூடத்து வெற்றி. தொழிற்சாலைக்கு இன்னும் தூரம். மதகு வேண்டாத இடங்களில் கிராஃபீன் ஏற்கெனவே உத்தியோகத்தில் சேர்ந்துவிட்டது. காந்தப் புலத்தை அளக்கும் ஹால் சென்ஸார் விற்கிறார்கள். உலகத்தின் 'ஓம்' எவ்வளவு என்று நிர்ணயிக்கும் தர ஆய்வுக்கூடங்களில் இருக்கிறது. ஃபோர்டு 2018-லிருந்து கார் பானெட்டுக்கு உள்ளேயுள்ள பாகங்களில் துளி சேர்க்கிறது. ஒன்றும் புரட்சி இல்லை. நல்ல சம்பளமுள்ள குமாஸ்தா வேலை.

நம் ஊரிலும் உருப்படியான காரியங்கள் நடந்திருக்கின்றன. அவை தலைப்பில் வருவது குறைச்சல். சென்னை ஐ.ஐ.டி.யில் டி.பிரதீப்பின் குழு 2012-ல், சர்க்கரைக் கரைசலை ஆற்று மணலில் பூசி, காற்றில்லாமல் சுட வைத்து, மணல் மேலேயே கிராஃபீன் போன்ற படலம் ஏற்படுத்தியது. அந்த மணலில் தண்ணீரை விட்டால் சாயத்தையும் குளோர்பைரிஃபாஸ் என்ற பூச்சிமருந்தையும் பிடித்துக்கொள்கிறது. சர்க்கரை, மணல், அடுப்பு! சிவகங்கையில் தமிழக அரசின் டாமின் நிறுவனம் கிராஃபைட் வெட்டுகிறது. கேரளத்தில் டிஜிட்டல் பல்கலைக்கழகமும் சி-மெட்டும் டாடா ஸ்டீலும் சேர்ந்து கிராஃபீனுக்கென்றே ஒரு மையம் வைத்திருக்கின்றன. பெங்களூர் ஐ.ஐ.எஸ்ஸி.யில் அரிந்தம் கோஷ் குழு 2025-ல், மிகச் சுத்தமான கிராஃபீனில் எலெக்ட்ரான்கள் தனித்தனியாக ஓடாமல் தண்ணீர் மாதிரிக் கூட்டமாக ஒழுகுவதைக் காட்டியது. மின்சாரமும் வெப்பமும் உலோகங்களில் கைகோத்தே போகும் என்ற நூற்றைம்பது வருஷத்து விதி அங்கே இருநூறு மடங்குக்கு மேல் பிசகுகிறது. எந்தத் துணுக்கிலும் இதைப் பார்த்த ஞாபகம் இல்லை.

ஒரு கிளைக்கதை. கீழடிப் பானை ஓடுகளின் உட்புறக் கறுப்புப் பூச்சில் கார்பன் நானோ குழாய்கள் இருப்பதாக 2020-ல் ஆய்வுக் கட்டுரை வந்தது. நானோ குழாய் என்பது பாய் போலச் சுருட்டிய கிராஃபீன். உடனே 'தமிழன் அன்றே அறிந்த நானோ' என்று கிளம்பினார்கள். அந்தக் குயவருக்குச் சூளையின் சூடும், எதைப் பூசினால் பூச்சு நிற்கும் என்பதும் தெரிந்திருந்தது. அதுவே பெருமைப்பட ஏராளம். அவருக்கு எதற்கு நம்முடைய டிகிரி?

கும்மிடிப்பூண்டிக்குத் திரும்புவோம். கார்பனைப் பொறுத்த வரை இது சாமானியப்பட்ட இடமில்லை. பிர்லா குழுமத்தின் ஹைடெக் கார்பன் 1998-லிருந்து இங்கே கார்பன் ப்ளாக் செய்கிறது. இப்போது பிர்லா கார்பன் என்று பெயர். கொஞ்சம் தள்ளி தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் மிஷலின் டயர் ஆலை. அங்கேயே பி.சி.பி.எல். நிறுவனமும் 2023-ல் கார்பன் ப்ளாக் உற்பத்தியை ஆரம்பித்தது. கார்பன் ப்ளாக் என்றால் எளிமையாகப் புகைக்கரி. கனமான எண்ணெயை அரைகுறையாக எரித்து எடுப்பது. டயர் எடையில் ஏறத்தாழ கால்வாசி இதுதான். இல்லாவிட்டால் டயர் சீக்கிரம் தேய்ந்துவிடும். அந்தக் கரித்தூளின் ஒவ்வொரு துகளையும் உள்ளே பார்த்தால், தாறுமாறாகக் கிடக்கும் குட்டிக் குட்டிக் கிராஃபீன் துணுக்குகள். ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் டூர் குழு 2020-ல் இதே கார்பன் ப்ளாக்கை இரண்டு மின்முனைக்கு நடுவில் வைத்து, ஒரு விநாடிக்கும் குறைவான நேரம் மின்சாரத்தைப் பாய்ச்சி, மூவாயிரம் கெல்வின் போல் சூடாக்கி, கிராஃபீனாக மாற்றியது. பழைய டயர்க் கரியிலும் செய்து காட்டினார்கள். கலைந்த சீட்டுக்கட்டு போல அடுக்கு பிசகி வரும். ட்ரான்சிஸ்டருக்கு ஆகாது, சிமென்ட்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் கலந்து உறுதியூட்ட ஆகும். கவரைப்பேட்டையிலிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் நிஜமான கார்பன் தொழில் இருக்கிறது. நோட்டீஸ்களில் அது வருவதில்லை. கரி, கையில் ஒட்டும் சமாசாரம் அல்லவா!

கடைசியாக லேபிள். ஜி.என்.டி. ரோடில் கார் கழுவும் ஒரு கடையில் 'கிராஃபீன் கோட்டிங்' என்று போர்டு பார்த்தேன். ''உள்ள என்ன இருக்கு?'' என்றதற்கு, ''கிராஃபீன்தான் சார், ஃபாரின்'' என்றார்கள். 2018-ல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் உலகெங்கும் அறுபது கம்பெனிகளின் 'கிராஃபீனை' வாங்கிச் சோதித்தார்கள். பத்து அடுக்கு வரை கிராஃபீன் என்று தாராளமாக ஒப்புக்கொண்டும், பெரும்பாலான சரக்கில் பத்து சதவீதம்கூட இல்லை. பாதிக்கு மேல் இருந்த கம்பெனி ஒன்றுகூட இல்லை. மிச்சமெல்லாம் கிராஃபைட் பொடி. பென்சில் தூள் விலைக்கு வாங்க வேண்டியதை எந்த விலைக்கோ வாங்கியிருக்கிறார்கள்.

அசலா போலியா என்று கண்டுபிடிக்கும் கருவி எது தெரியுமா? ராமன் ஸ்பெக்ட்ரோமீட்டர். திருச்சியில் பிறந்த சர் சி.வி.ராமனின் விளைவேதான். லேசர் ஒளியை அடித்துத் திரும்பி வரும் ஒளியில் 2,700 என்ற இடத்துக்குப் பக்கத்து மேட்டைப் பார்க்க வேண்டும். ஒற்றை அடுக்கு என்றால் கூர்மையாக ஒரே மேடு. அடுக்கு ஏற ஏற மேடு அகன்று தோள் விரிக்கும்.

இளைஞருக்குப் போன் செய்தேன். ''தம்பி, சேராதேன்னு சொல்ல மாட்டேன். காலேஜ்ல மூணு கேள்வி கேளு. ராமன் ஸ்பெக்ட்ரோமீட்டர் சொந்தமா இருக்கா? போன வருஷம் எத்தனை மாணவர்கள் அதைத் தொட்டாங்க? சொல்லித் தர்றவர் கடைசியா எழுதின பேப்பர் எது?'' என்றேன். கெய்மின் உரையையும் படிக்கச் சொன்னேன். காட்ஸ்நெல்சனைப் பயமுறுத்தச் சொல்லவில்லை.

நாலு நாள் கழித்து அவரே கூப்பிட்டார்.

''கேட்டேன் சார். மெஷின் அடுத்த வருஷம் வருதாம். மத்த ரெண்டு கேள்விக்கு, நீ படிக்க வந்தியா, இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தியான்னு கேட்டாங்க.''

''நிலம்?''

''அப்பா நாத்து விட்டுட்டார் சார்.''

அப்புறம் தயக்கத்தோடு, ''அந்தச் செலோடேப் விஷயம்... வீட்ல பென்சிலை வச்சுப் பண்ணிப் பார்த்தேன். பதினெட்டு தடவை ஒட்டிப் பிய்ச்சேன். கடைசில ஒண்ணுமே தெரியலை. ஒற்றை அடுக்கு வந்திருக்குமா, இல்ல டேப்தானா?'' என்றார்.